சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு தீவு

கள்ளிமுனை முகாம் கரையைவிட்டுக் கழன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு என்பதில் அங்கே இருந்த முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது. ஏன் கழன்றது என்பதற்குத்தான் முந்நூற்றுப் பதினொரு காரணங்கள் இருந்தன, அவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது எங்கே போய் நின்றது என்று சொல்ல நேரம் இருக்காது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களும், வந்த இடத்தில் அவர்கள் பெற்றவர்களும், அந்தப் பெற்றவர்கள் பெற்றவர்களும் இருந்த முகாம் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள், நாலு பொதுக்குழாய், ஒரு பிள்ளையார், ஒரு மாதா கெபி, தெற்கு மூலையில் ஒற்றைப் பனை, அதற்கு அந்தப் பக்கம் சுடுகாடும் கல்லறையும், அதற்கும் அந்தப் பக்கமும் கிழக்கிலும் கடல்.

சுகிர்தா அந்த முகாமிலேயே பிறந்தவள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தவள். வெள்ளிக்கிழமை என்றால் செக்கிங். காலை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து பதிவேட்டோடு ஆட்கள் வருவார்கள், விசில் ஊதுவார்கள், தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டிருக்கும் கோட்டின்மேல் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்க வேண்டும், பெயர் வாசிக்க வாசிக்க ‘இருக்கிறன் ஐயா’ என்று சொல்ல வேண்டும், தொடர்ந்து மூன்று முறை இல்லாதவரின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்படும். சுகிர்தா பிறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, விசில் ஊதிவிட்டது. அவளுடைய அம்மா பாயிலிருந்து எழுந்து, கழுவாத பிள்ளையைச் சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நின்றாள். பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை. வந்தவர் நல்ல மனிதர், திட்டவில்லை, ‘பெண் – 1’ என்று எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்துக்குப் போனார். அதைத் திருத்த இரண்டு வருடமும் ஏழு மனுவும் ஆயின. அம்மா இந்தக் கதையைச் சாகும்வரை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சுகிர்தா ஒருநாளும் சிரித்ததில்லை.

ஆகவே தன் வயிற்றில் பிள்ளை தங்கியபோது அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது: இந்தப் பிள்ளையை யாரும் எண்ணுவதற்கு முன் பெயர் வைத்துவிட வேண்டும். அவள் புருஷன் ஜெயசீலன் ஊர் ஊராகப் போய்ப் பெயின்ட் அடிக்கிறவன். டவுனில் தான் பெயின்ட் அடித்த வீட்டு மாடியில் ஓர் அறை பேசி வைத்திருந்தான். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவது, பக்கத்து ஆஸ்பத்திரியில் பெறுவது, தொப்புள்கொடி அறுத்ததும் காதில் பெயரைச் சொல்லிவிடுவது, அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. பை கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது. என்ன பெயர் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து மைத்ரேயி டீச்சர் வந்தாள். வெளிநாட்டில் நவீன நடனம் படித்தவள், கட்டையாக வெட்டிய முடி, கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், பையில் அனுமதிக் கடிதம். இடம்பெயர்ந்து வந்தவர்களை வைத்து ஒரு நடனம் செய்யப்போவதாகவும், அதற்குக் கிரேக்க நாட்டுப் பழைய கதை ஒன்றை எடுத்திருப்பதாகவும் சொன்னாள். முகாம் பெண்கள் முப்பது பேர் சேர்ந்தார்கள், பாதிப் பேர் மாலைத் தேநீருக்கும் வடைக்கும் சேர்ந்தவர்கள், அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஐந்து மாத வயிற்றோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த சுகிர்தாவை டீச்சர் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இவங்கதான் லெட்டோ,” என்றாள் டீச்சர். “லெட்டோவுக்கு வயித்துல பிள்ளை. அது தேவலோகத்து ராஜாவோட பிள்ளை, அவரோட பொண்டாட்டி ஹீராவுக்குக் கோபம். சூரிய வெளிச்சம் படுற எந்த மண்ணும் இவளுக்குப் பிரசவத்துக்கு இடம் கொடுக்கக் கூடாதுன்னு சாபம் போட்டுட்டா. எல்லா ஊரும் பயந்து கதவைச் சாத்திடுச்சு. கடைசியில டெலோஸ்னு ஒரு தீவு. அதுக்கு வேரே கிடையாது, கடல்ல மிதந்துட்டே திரியும், எந்த நாட்டோடயும் சேர்த்தி இல்ல, அதனால அதுக்குப் பயமும் இல்ல. அது மட்டும் வான்னு சொல்லிச்சு. அங்க பனை மாதிரி ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு ஒன்பது நாள் வலி. பிள்ளை பிறந்த நிமிஷம் தீவு அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் அசையவே இல்ல.”

“ஒன்பது நாள் நோவெண்டால் தாயும் மிஞ்சாள், பிள்ளையும் மிஞ்சாது,” என்றாள் மரியபுஷ்பம். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், முகாமில் பாதிப் பேரை அவள் கைதான் முதலில் தொட்டது. “உந்தக் கதையை எழுதினவன் ஆம்பிளையாத்தான் இருப்பான், டீச்சர்.”

டீச்சர் சொல்லிக்கொடுத்த நடனத்தில் முத்திரை இல்லை, பாட்டு இல்லை, சலங்கை இல்லை. வெறுங்காலோடு நின்று உடம்பின் எடை முழுவதையும் ஒரு காலில் இறக்கி, மண்ணில் வைத்து, எடுத்து, மறு காலில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவர்களுக்கு ஒன்று பிடிபட்டது, பிடிபட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது: இந்த மண்ணில் அவர்கள் ஒருநாளும் முழு எடையை இறக்கியதே இல்லை. முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோலத்தான் நடந்திருந்தார்கள், குதிகால் தேயாமல், சத்தம் கேட்காமல், எந்த நேரமும் எழுந்து போகச் சொன்னால் போகிற மாதிரி. மூன்று மாதம் பழகியபிறகு அவர்கள் கால் வைத்தால் அடுத்த வரிசை வீட்டில் தட்டுகள் அதிர்ந்தன.

அரங்கேற்றத்துக்குத் தீவின் எல்லையைத் தரையில் வரைய வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது அந்த வேலை இயல்பாகச் சூசைதாசனிடம் போயிற்று, ஏனென்றால் வெள்ளிதோறும் செக்கிங்குக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் அவன்தான், கோடு என்றாலே முகாமில் அவன் பெயர்தான் வரும். டீச்சர் கேட்டது ஒரு சின்ன வட்டம்.

“தீவெண்டால் அதிலை நாங்கள் எல்லாரும்தானே டீச்சர் இருக்கிறம்,” என்றான் சூசைதாசன். “அஞ்சாறு பேர் நிக்கிற வட்டத்தைப் போட்டு என்ன செய்யிறது?”

அவன் முகாமையே சுற்றிக் கோடு போட்டான். வீடுகள், குழாய்கள், பிள்ளையார், மாதா, பனை எல்லாம் உள்ளே வந்தன. அதிகாரிகள் வந்து உட்காரும் செக்கிங் அறையை வெளியே விட்டான், அது தங்களுடையது என்று அவனுக்குத் தோன்றவில்லை. சுடுகாட்டுப் பக்கம் வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று. மிச்சத்தை நாளைக்குப் போடலாம் என்று பனையோடு கோட்டை மடக்கி முடித்துவிட்டான். ஆக, முகாமில் இதுவரை செத்தவர்கள் அத்தனை பேரும், சுகிர்தாவின் அம்மாவும் அப்பாவும் உட்பட, கோட்டுக்கு வெளியே போனார்கள். இன்றுவரை அவன் அதற்காகத் தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பெண்களும் பழைய சேலையோடும் நைட்டியோடும் அந்தக் கோட்டின்மேல் கால் வைத்து எடுத்து நடந்தார்கள், தெற்கு மூலையில் எட்டு மாத வயிற்றோடு சுகிர்தா பனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சுற்றில் நாய்கள் குரைத்தன. இரண்டாம் சுற்றில் குரைப்பதை நிறுத்தின. மூன்றாம் சுற்றில் பழஞ்சுவரிலிருந்து காரை பெயர்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, சுண்ணாம்புக் கோடு நெடுக ஈரம் கசிந்தது, சுகிர்தா பிடித்திருந்த பனை லேசாக ஒரு மூச்சு விட்டது. முகாமில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிக் கரைப் பக்கம் பறந்து போய்விட்டன. ஆட்டம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை முகாமுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. பெண்கள் அதைத் தாண்டித் தண்ணீர்க் குடத்தோடு போனார்கள், வந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு முழம். பலகை போட்டார்கள், பால்காரர் பலகையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். புதன்கிழமை நாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்து நீந்திக் கரைக்குப் போயின, யார் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் டீச்சரும் தன் ஸ்பீக்கர் பெட்டிகளோடு பலகையில் இறங்கிப் போனாள். நடனத்தின் வீடியோவை வெளிநாட்டு விழா ஒன்று கேட்டிருக்கிறது என்றும் சீக்கிரம் வருவதாகவும் சொன்னாள், அழக்கூடச் செய்தாள். நல்லவள்தான். வியாழக்கிழமை பலகை எட்டவில்லை, மீன்பிடிப் படகுதான்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதிலும் முகாமில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பழகுவார்கள். குழாயில் தண்ணீர் நின்றபோது படகில் டிரம் வந்தது, டிரம்முக்கு வரிசை வந்தது, வரிசையில் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க ஒரு கமிட்டி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படகில் போய்ப் படகில் வந்தார்கள், படகில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். தரையில் காது வைத்துப் படுத்தால் அடியில் கடல் நகர்கிற சத்தம் கேட்டது. முதல் வாரம் யாரும் தூங்கவில்லை, இரண்டாம் வாரம் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பத்திரிகையில் நில அரிப்பு என்று நாலு வரி போட்டிருந்தார்கள்.

கழன்ற பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அதிகாரி பதிவேட்டோடு படகில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

“முகாமை விட்டு வெளிய போகணும்னா அனுமதி வாங்கணும்னு தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினார்.

முகாம் தலைவர் இராசேந்திரம் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “ஐயா, நாங்கள் முகாமை விட்டு ஒருத்தரும் வெளியில போகேல்லை. முகாமுக்குள்ளதான் நிக்கிறம்.”

அதிகாரி சட்டப்படி யோசித்துப் பார்த்தார், அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. விசில் ஊதினார். எல்லோரும் கோட்டில் நின்றார்கள். முந்நூற்றுப் பதினொரு பேர் இருந்தார்கள், ஜெயசீலன் மட்டும் இல்லை; அவன் ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன், இப்போது படகைத் தவறவிட்டுப் பழைய இடத்தின் கரையில் தனியாக நின்று, ‘இருக்கிறன் ஐயா, இருக்கிறன் ஐயா’ என்று தண்ணீருக்கு மேலே கத்திக்கொண்டிருந்தான். முகாம் இருக்கும் இடத்தில் அவன் இல்லை என்பதால் அவன் வராதவன். வேலை நிமித்தம் ஏற்கெனவே இரண்டு வெள்ளி தவறியிருந்தது, இது மூன்றாவது. அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்தார். பெயர் இல்லாதவனைப் படகில் ஏற்றக் கூடாது என்று அதற்குப் பிறகு கரையில் ஒரு ஆளைப் போட்டார்கள்.

எல்லோருக்கும் அந்தக் கிரேக்கக் கதை மனப்பாடம் என்பதால், நிலத்தை நிறுத்துவது எப்படி என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லெட்டம்மா என்று சுகிர்தாவை விளையாட்டாகக் கூப்பிட்டவர்கள் இப்போது விளையாட்டில்லாமல் கூப்பிட்டார்கள். முகாம் இரண்டாகப் பிரிந்தது. இக்கரைக்காரர்கள் இங்கே பிறந்தவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வேலையும் செத்தவர்களும் இங்கே இருப்பவர்கள். அவர்கள் காலையில் கசாயம் கொண்டுவந்தார்கள்.

“குடி பிள்ளை, கொஞ்சம் கெதியாப் பிறக்கட்டும். இன்னும் கரை தெரியுது.”

அக்கரைக்காரர்கள் ஊரை நினைவு வைத்திருந்தவர்கள், நிலம் கிழக்கே போகிறது என்பதைச் சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் மாலையில் வந்து அவள் காலை அமுக்கிவிட்டார்கள்.

“அவசரப்படாதை பிள்ளை. படுத்துக் கிட. இன்னும் ரெண்டு கிழமை பொறுத்தால் நாங்கள் எங்கடை கரையிலை நிப்பம்.”

சுகிர்தா இருவரிடமும் ஒன்றையே சொன்னாள். “எனக்கு டவுனுக்குப் போகோணும். அவர் அங்கை நிக்கிறார். அறை பேசி வைச்சிருக்கு.”

அதுவரை ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்: அவள் இறங்கக் கூடாது. அவள் வேறெங்காவது போய்ப் பெற்றால் இந்த நிலம் எந்தக் கரையிலும் நிற்காமல் ஆயுள் முழுக்கத் திரியும் என்றார்கள். அவளுடைய அனுமதி விண்ணப்பத்தை இராசேந்திரம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அது அங்கேயே வேர்வையில் ஊறிக் கிழிந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த பை ஒருநாள் காணாமல் போயிற்று. படகு வருகிற நேரத்தில் அவள் வாசலில் எப்போதும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள், புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தார்கள். அவர்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து கால் வைத்து எடுத்து ஆடியவர்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் கரை மறைந்தது. கடைசியாக மறைந்தது கல்லறைச் சிலுவைகளா அவற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயசீலனா என்று சுகிர்தாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கியபோது அவன் கடைசியாகப் பேசினான்.

“படகுக்காரர் ஒருத்தரும் ஏத்தமாட்டினமாம். வேறை வழி பாக்கிறன். நான் வரும்வரைக்கும் பொறுத்துக்கொள், சுகிர்தா.”

“நீங்களும் பொறு எண்டுதானே சொல்லுறியள்,” என்றாள் அவள். அதற்கு அவன் பதில் சொன்னானா, சிக்னல் போயிற்றா என்பது தெரியவில்லை.

கரை மறைந்த அன்று இக்கரைக்காரர்கள் அழுதார்கள், மறுநாள் கசாயத்தைக் கொட்டிவிட்டு அக்கரைக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நடுக்கடலுக்கு வந்தபோது இரண்டு கப்பல்கள் வந்தன. ஒன்று இந்தப் பக்கத்துக் கப்பல், ஒன்று அந்தப் பக்கத்துக் கப்பல். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரே, நடுவில் முகாமை வைத்துக்கொண்டு நின்றன. எங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், திரும்பி வர அனுமதி இல்லை என்று ஒன்று ஒலிபெருக்கியில் சொன்னது. எங்கள் எல்லைக்குள் வராதீர்கள், வர அனுமதி இல்லை என்று மற்றது சொன்னது. நிலத்துக்குக் காது கிடையாது என்பதால் அது நத்தை வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது, கப்பல்கள் இரண்டும் அதே வேகத்தில் கூடவே வந்தன. படகுகள் வருவது நின்றது. அன்று மத்தியானம் சுகிர்தாவுக்கு இடுப்பில் வலி எடுத்தது.

இங்கே பிறந்தால் நிலம் இங்கேயே நின்றுவிடும், இரண்டு கப்பல்களுக்கு நடுவில், குழாயும் ரோடும் இல்லாத கடலில், என்றைக்குமாக. அதனால் முந்நூற்றுப் பத்துப் பேரும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை, அவ்வளவு அன்பாக அந்த முகாமில் யாரும் யாரிடமும் அதற்கு முன் பேசியதில்லை.

“பொறு பிள்ளை,” என்றார் இராசேந்திரம். “கதைச்சுக்கொண்டிருக்கினம். பேச்சுவார்த்தை முடியட்டும்.”

அவள் பொறுத்தாள். முதல் நாள் பொறுத்தாள், இரண்டாம் நாள் பொறுத்தாள். படுத்தால் பிள்ளை இறங்கும் என்பதால் நின்றாள், நின்றால் இறங்கும் என்பதால் நடந்தாள், டீச்சர் சொன்னதற்கு நேர்மாறாக எடையே இல்லாமல் குதிகால் தேயாமல் நடந்தாள், மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அவளை இரண்டிரண்டு பேராகத் தாங்கி நடத்தினார்கள். ஐந்தாம் நாள் டிரம்மில் தண்ணீர் அடி தெரிந்தது. ஆறாம் நாள் பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் என்று இரண்டு கப்பலும் அறிவித்தன. ஏழாம் நாள் மரியபுஷ்பம் வீட்டுக் கதவை வெளியிலிருந்து யாரோ பூட்டினார்கள். எட்டாம் நாள் சுகிர்தாவின் உதடு கடித்துக் கடித்து வீங்கி, பேச்சு வரவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் மரியபுஷ்பம் தன் வீட்டுக் கூரைத் தகட்டை அம்மிக்குழவியால் உடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அறுபத்திரண்டு வயதுக்காரி கூரையிலிருந்து குதித்ததைப் பார்த்து வழிவிட்டவர்கள் விட்ட வழியை மறுபடி மூடுவதற்குள் அவள் சுகிர்தாவிடம் வந்துவிட்டாள், வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சுற்றி இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகு நீங்கள் தூக்கிக்கொண்டு போறது சவத்தை.”

யாரும் விலகவில்லை.

“அக்கா, என்னைப் பனையடிக்குக் கொண்டுபோங்கோ,” என்றாள் சுகிர்தா. முந்தின நாள் வராத குரல் அப்போது வந்தது. “நான் பொறுத்தது காணும். எந்தக் கரை எண்டு எல்லாரும் கதைக்கிறியள். எனக்குக் கரை வேண்டாம். என்ரை பிள்ளை வேணும்.”

பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். உடம்பின் எடை முழுவதையும் ஒரு காலில் இறக்கினாள், மண்ணில் வைத்தாள், எடுத்தாள், மறு காலில் இறக்கினாள். கூட ஆடிய பெண்களின் கால்கள் தங்களை அறியாமல் அசைந்தன, பிறகு நின்றன, பிறகு ஒருத்தி வாய்விட்டு அழுதுகொண்டே கால் வைத்தாள், இன்னொருத்தி வைத்தாள். ஆண்கள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நடு மத்தியானத்தில் பிள்ளை மரியபுஷ்பத்தின் கைக்கு வந்தது, அதே நொடியில் நிலம் எதன்மேலோ போய் உட்கார்ந்தது; எல்லா வீட்டிலும் பானைகள் உருண்டன, மாதாவின் கை ஒன்று உடைந்தது, அடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. ஐந்து வாரமாக அந்தச் சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது.

இரண்டு கப்பல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு படகு இறங்கியது. இரண்டு படகிலும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பதிவேட்டோடு ஒவ்வொரு ஆள் இருந்தார். நிலத்தில் இறங்கினால் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட நேரும் என்று இருவருக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது, இருவருமே இறங்கவில்லை. இந்தப் பக்கத்து ஆள் படகில் நின்றபடியே விசில் ஊதினார்.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கால் நனையாமல் நின்ற இரண்டு பேரால் அவர்களை என்ன செய்திருக்க முடியும்? ஆனால் விசில் கேட்டதும் இக்கரைக்காரர், அக்கரைக்காரர், அழுதவர், ஆடியவர், எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் போய், பாதி அழிந்துபோயிருந்த அந்தச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நின்றார்கள். சூசைதாசன் அழிந்த இடத்தில் விரலால் மண்ணைக் கீறிச் சரிசெய்தான். ரத்தம் காயாத கையோடு மரியபுஷ்பமும் போய் நின்றாள். பனையடியில் உட்கார்ந்திருந்த சுகிர்தாவின் காலும் மடங்கி எழுந்தது, கழுவாத பிள்ளையைச் சேலையில் சுற்றியும் விட்டாள், ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள். அப்போதுதான் தன் அம்மா எழுந்து நடந்த மாதிரியே தான் நடக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் திரும்பிப் பனைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்து ஆள் முதலில் வாசித்தார். அது முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பட்டியல், ஊரைவிட்டுப் போனவர்களின் பட்டியல், அதில் பாதிப் பேர் பழைய கரையில் சுடுகாட்டிலும் கல்லறையிலும் தங்கிவிட்டவர்கள். செத்தவர்களின் ஒவ்வொரு பெயருக்கும் கோட்டிலிருந்து ‘இல்லை ஐயா’ என்ற பதில் போயிற்று. சுகிர்தாவின் அம்மாவின் பெயர் வந்தது. “இல்லை ஐயா,” என்றார் இராசேந்திரம். அப்பாவின் பெயர் வந்தது. “இல்லை ஐயா.” ஒவ்வோர் இல்லைக்கும் அந்த ஆள் ஒரு கோடு அடித்தார்.

பிறகு இந்தப் பக்கத்து ஆள் வாசித்தார். முந்நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள்.

“ஒண்ணு குறையுது,” என்றார் அவர். “சுகிர்தா ஜெயசீலன்.”

பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. சுகிர்தா அதன் வாயில் மார்பை வைத்தாள். இருபத்தெட்டு வருடம் சொன்ன பதில் அவள் தொண்டையில் ஏறிவந்து நின்றது.

“சுகிர்தா ஜெயசீலன்!”

கோட்டில் நின்ற எல்லோருக்கும் பனை தெரியும், பனைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அவள் காலும் தெரியும். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இராசேந்திரம் வாயைத் திறந்தார், கிழிந்துபோன விண்ணப்பம் இருந்த சட்டைப் பையில் கை வைத்தார், வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் முறை பெயர் வந்தபோது மரியபுஷ்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை, ஐயா.”

அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்றால் மூன்று வெள்ளி பார்க்க வேண்டியதில்லை. சிவப்புப் பேனா இழுக்கிற சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. சுகிர்தாவுக்குக் கேட்டது. இனி அவளுக்கு அரிசி இல்லை, அட்டை இல்லை, செத்தால் எழுதிக்கொள்ள ஒரு தாள் இல்லை. அவளைத் தேடி வருகிறவனுக்கு அவள் எங்கே என்று காட்டவும் யாரிடமும் எதுவும் இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் குனிந்து, அந்தப் பிள்ளையின் காதில், அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரிந்த பெயரை மூன்று முறை சொன்னாள். படகுகள் இரண்டும் கணக்குச் சரி என்று திரும்பிப் போயின, கப்பல்கள் இரண்டும் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

அந்தப் பெயர் எனக்கும் தெரியும். எழுதமாட்டேன்.